ஏழு பேர் உட்காரும் வண்டி

பழவேற்காட்டுத் தெருக்களுக்கு அந்த வண்டி பெரிசு. கடைத்தெருவுக்குள் அது நுழைந்தால் எதிரே கூடை சுமந்து வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பள்ளிவாசல் முனையில் திரும்புவதற்குள் அஃப்தாப் நாலு தடவை முன்னும் பின்னும் எடுப்பான். டீக்கடையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் கை காட்டி அவனை இன்னும் குழப்புவார்கள். அதனால் வண்டி பெரும்பாலும் வாசலிலேயே நின்றது. நசீம் பானு தினம் காலையில் அதைத் துடைத்தாள். இரவெல்லாம் கடல்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பை முதலில் ஈரத்துணியால் எடுப்பாள், பிறகு காய்ந்த துணியால் ஒரு தரம். உள்ளே ஏழு பேர் உட்காரலாம். இருக்கைகளின் மேல் கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் உறையை மட்டும் அவள் கழற்றவில்லை. அவர் வந்து கழற்றட்டும் என்று விட்டிருந்தாள்.

அவர் என்றால் சிராஜ், அவள் புருஷன். சவூதியில் தம்மாம் பக்கம் ஒரு அரபி வீட்டில் டிரைவர். அதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கும் கம்பெனிக்கு ஆளேற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் அவர் சட்டையை வாளியில் போட்டால் சோப்பு போடும் முன்பே தண்ணீர் கறுத்துவிடும். காலரை எவ்வளவு தேய்த்தாலும் ஒரு சாம்பல் கோடு நிற்கும். அப்போது அலுத்துக்கொண்டுதான் துவைத்தாள். மகள் ஹுமைரா பிறந்த வருஷம் அவர் விமானம் ஏறினார். அவள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் வருவார். வந்தால் வெள்ளைச் சட்டைதான். துவைத்த தண்ணீரைச் செடிக்கே ஊற்றலாம், அவ்வளவு தெளிவாக இருக்கும்.

வண்டி வாங்கியது ஊர்ப் பெருமைக்கு அல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம், கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் தார்ரோடு முடிந்துவிடும். அதற்கப்பால் கடற்கரைக் குப்பத்துக்கு மணல்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. அங்கே பிடிக்கும் இறாலும் நண்டும் பெண்கள் தலையில் கூடை கூடையாகத் தார் முடியும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ ஏறும். பொன்னேரியில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் துளசிராமன், "நடந்து வர்ற எறா பாதி வெயில்லயே செத்துப்போவுது. மணல்ல போய் வர்ற மாதிரி ஒரு வண்டி இருந்தா வருஷம் பூரா அந்த ஓட்டத்த குடுத்துடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன விடுமுறையில் சிராஜ் காதில் அது விழுந்தது. பாலைவனத்தில் வண்டி ஓட்டியவனுக்கு இந்த மணல் ஒரு மணலா என்று நினைத்தார். அங்கே போனதும் பணம் அனுப்பினார். "நாலு சக்கரமும் இழுக்குற வண்டியா பாத்து எடு" என்று போனில் அஃப்தாப்பிடம் சொன்னார்.

அஃப்தாப் பானுவின் தம்பி. காக்களூரில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியின் டெம்போ ஓட்டுகிறான். அக்காவும் தம்பியும் சென்னைக்குப் போய் ஷோரூமில் ஏசிக் காற்றில் உட்கார்ந்தபோது, டை கட்டிய பையன் குளிர்ந்த பாட்டில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "நாலு வீலும் இழுக்கறதெல்லாம் மலைக்காடு, மிலிட்டரி, அந்த மாதிரி ஆளுங்களுக்கு மேடம். டீசல் ஜாஸ்தி குடிக்கும். ஃபேமிலிக்கு இதுவே எங்க வேணாலும் போவும். ஒசரத்த பாருங்க."

சுவரில் இருந்த டிவியில் அதே வண்டி ஓர் ஆற்றைக் கிழித்துக்கொண்டு போனது. உள்ளே ஒருத்தி தலைமுடி பறக்கச் சிரித்தாள். பின்னால் இரண்டு பிள்ளைகள். ஆறு முடிந்ததும் பாறை. பாறை முடிந்ததும் மலையுச்சி. பானு அதை மூன்று முறை பார்த்தாள். இருவருக்கும் சந்தேகம் வரவில்லை; சிராஜிடம் கேட்காமலே அதை எடுத்துவிட்டார்கள்.

வண்டி வந்த அன்று அஃப்தாப் ஒரு போட்டோ எடுத்தான். பானு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நிக்காஹ் பட்டுச்சேலை, தலையில் முக்காடு, கண்ணில் சுர்மா, மடியில் ஹுமைரா. ஊருக்கு வந்து திரும்பிய ஒருவர் கையில் அதைக் கொடுத்தனுப்பினாள். போட்டோ கிடைத்ததும் சிராஜ் போன் செய்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நல்லா இருக்குது" என்றார். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் பல நாள் ஓட்டினாள்.

பங்குனி பிறந்தது. அரபியின் ஆபீஸில் மறுபடி இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா என்று கேட்டிருந்தார்கள்.

"வண்டி குப்பம் வரைக்கும் போய் வந்துடுச்சின்னா சொல்லு, நான் பொட்டிய கட்டிடுறேன்" என்றார் சிராஜ்.

"போவலன்னா?"

"போவலன்னா இன்னா பண்றது."

"போவலன்னாலும் வாங்களேன். கும்மிடிப்பூண்டில எத்தினி கம்பெனி இப்ப. அஃப்தாப் சொல்றான், ஆள் கெடைக்கலியாம்."

"மறுபடியும் போய் அந்த கரிப்புகைல நிக்க சொல்றியா? சவூதி போய்ட்டு வந்தவன் திரும்ப வேன் ஓட்றான்னு பேசுவானுங்க பானு. கைல ஒரு தொழில் இருந்தாதான் வர முடியும்."

ஆகவே எல்லாம் வண்டியின் சக்கரத்தில் வந்து நின்றது. வண்டி மணலில் போனால் சிராஜ் வருவார்.

அந்தப் புதன்கிழமை ஹுமைராவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இடியாப்பமும் தொட்டுக்கொள்ள எறா ஆனமும் தூக்குச் சட்டியில் வைத்துக்கொண்டு, பானு வண்டியில் ஏறினாள். அஃப்தாப் கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தான். பாலம் தாண்டி, கலங்கரை விளக்கம் தாண்டி, தார் முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, கூலிங் கிளாஸை எடுத்து மாட்டினான்.

"அக்கா, டிவில வர்றா மாதிரி போவப் போறோம். கெட்டியா புடிச்சிக்கோ."

"பாத்து போடா. டெம்போ ஓட்றா மாதிரி ஓட்டாத."

"டெம்போ எங்க, இது எங்க. இது ராஜா வண்டி."

கூடைக்காரப் பெண்கள் நடந்து நடந்து அழுந்திய தடம் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. தினமும் அத்தனை சுமை நடக்கும் வழி கெட்டியாகத்தான் இருக்கும் என்று அஃப்தாப் அதில் இறக்கினான். வண்டி போனது. லேசாகக் குலுங்கி, படகு மாதிரி ஆடிக்கொண்டு போனது. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. பானுவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் வந்ததும் முன்சீட்டில் யார், பின்சீட்டில் யார், நண்டுப் பெட்டி எங்கே என்றெல்லாம் அவள் மனம் ஓடிக்கொண்டிருந்தபோது தடம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. வண்டி மூச்சுத் திணறியது. அஃப்தாப் மிதித்தான். பின்னால் மணல் வாரி வாரி அடித்தது. மறுபடி மிதித்தான். எதுவோ கருகும் வாசனை வந்தது. பின்பக்கம் மெல்லத் தாழ்ந்து, எருமை குட்டையில் படுப்பதுபோல் படுத்துக்கொண்டது.

"ஒக்காந்துகிச்சி" என்றான் அஃப்தாப். கூலிங் கிளாஸைக் கழற்றினான்.

இறங்கிப் பார்த்தார்கள். முன்சக்கரம் இரண்டும் மேலேதான் இருந்தன, ஊர் பார்க்க வந்ததுபோல. பின்சக்கரம் பாதிக்கு மேல் உள்ளே.

"முன் சக்கரம் சுத்தவே இல்லியேடா."

அஃப்தாப் குனிந்து மணலைக் கிளறினான். பிறகு, "நான் குப்பத்துக்கு போய் நாலு ஆம்பளைங்கள கூட்டினு வரேன். நீ உள்ள ஒக்காரு. வெயில்ல நிக்காத" என்றான்.

"தண்ணி ஏறுமாடா?"

"மதியத்துக்கு மேலதான் ஏறும். அதுக்குள்ள வந்துடுவேன்."

அவன் தலை மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிய பிறகு ஒரு சத்தமும் இல்லை. கடல் சத்தம் ஒன்றுதான். அது எப்போதும் இருப்பதால் சத்தமாகத் தோன்றவில்லை. ஏரிப் பக்கம் நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. பானு உள்ளே உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை சுட்டது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஐந்து இருக்கை, ஒன்றிலும் யாரும் இதுவரை உட்காரவில்லை. ஹுமைரா ஒருத்தி மட்டும் சில சாயங்காலங்களில் ஒவ்வொன்றாக மாறி மாறி உட்கார்ந்து, "இது வாப்பா சீட்டு, இது மாமா சீட்டு" என்று விளையாடுவாள். மிச்சமிருக்கும் சீட்டுக்குப் பெயர் கிடைக்காமல் டீச்சர் பெயரெல்லாம் வைப்பாள்.

போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். எடுத்தால் கரகரவென்று ஒன்றும் புரியவில்லை. கதவைத் திறந்து கால்மிதியில் ஏறி, வண்டிக் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது சிராஜின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் வந்தது.

"இன்னா பானு, போய்க்கினு இருக்கீங்களா?"

"நின்னுக்கினு இருக்கோம். மாட்டிக்கிச்சி."

"அஃப்தாப் எங்க?"

"ஆள் கூட்டியாற போயிருக்கான். நான் மட்டும்தான். நீங்க எங்க இருக்கீங்க?"

"அரபி புள்ளைங்கள ஸ்கூல்ல உட்டுட்டு நிக்கிறேன்." அவர் குரலில் திடீரென்று ஒரு சுறுசுறுப்பு வந்தது. ஊருக்கு வரும்போது வீட்டு மோட்டாரோ மிக்ஸியோ கெட்டால் வரும் அதே குரல். "சக்கரம் எவ்ளோ எறங்கியிருக்குது?"

"பின்னாடி பாதிக்கு மேல."

"வாரி அடிச்ச மண்ணு இன்னா கலரு?"

கால்மிதியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வெள்ளையா... கொஞ்சம் கறுப்பா இருக்குது."

"கறுப்பு வந்துடுச்சின்னா கீழ சேறு. இங்கயும் இந்த மாதிரி எடம் இருக்குது, மேல உப்பு பூத்து தார்ரோடு மாதிரி தெரியும். எறங்கினா அரபி வண்டியே முழுவிடும். இனிமே ஒருத்தனும் ஆக்ஸிலேட்டர மிதிக்கக்கூடாது, மிதிக்க மிதிக்க பள்ளம்தான் வெட்டும். ஊக்கு இருக்குதா?"

"ஊக்கா?"

"முக்காட்டுல குத்துவியே, அது."

இருந்தது. அவர் சொன்னபடி இறங்கிப் போய், பின்சக்கரத்தின் சின்ன மூடியைத் திருகி, நடுவிலிருந்த முள்ளை ஊக்கின் முனையால் அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வந்து அவள் விரலைக் குளிர்வித்தது. மறுபடி ஓடி வந்து கால்மிதியில் ஏறினாள்.

"எவ்ளோ எறக்கணும்?"

"டயரு மாசமா இருக்குறா மாதிரி வயிறு தள்ளணும். அப்பதான் மணல் தாங்கும். நாலுத்துலயும் எறக்கு."

இறங்கினாள், அழுத்தினாள், ஏறினாள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தடவை மணலில் ஓடினாள். செருப்பு புதைந்ததால் கழற்றி எறிந்தாள். கால் சுட்டது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அவர் இருந்தார். "முடிஞ்சுதா?" "ஒண்ணு முடிஞ்சுது." "கை வெச்சி பாரு, மெத்துனு இருக்குதா?" "இருக்குது." இப்படி இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை காலமாயிற்று என்று அவள் நினைத்தாள். மூச்சு வாங்கிற்று. சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இப்ப பின்சக்கரத்துக்கு முன்னாடி இருக்குற மணல வாரணும். சக்கரம் ஏறி வர்றதுக்கு சரிவா வழி பண்ணு. வண்டி வயிறு தரையில முட்டுதா பாரு. முட்டுனா அங்கயும் வாரு."

"எதால வார்றது?"

"இன்னா இருக்குது?"

"தூக்குச் சட்டி மூடி."

"அதால வாரு." ஒரு நொடி விட்டு, "உள்ள இன்னா?" என்றார்.

"எறா ஆனம்."

அவர் எச்சில் விழுங்கியது அவளுக்குக் கேட்டது.

"ஏங்க, ஷோரூம் பையன் சொன்னான், எல்லா சக்கரமும் இழுக்குற வண்டின்னு தனியா இருக்குதாம். அதுவா இருந்தா இப்டி ஆயிருக்காதா?"

"அது இருந்தாலும் சேத்துல பாத்துதான் ஓட்டணும். ஆனா ஏறி வந்துடும். கியர் பக்கத்துல இன்னொரு சின்ன ராடு இருக்கும், அத போட்டா முன்சக்கரமும் இழுக்கும். நம்ம வண்டில அது இல்லியே."

பானுவின் கை கூரைக் கம்பியில் இறுகியது.

"நம்ம வண்டில இல்லன்னு உங்களுக்கு எப்டி தெரியும்?"

கடல் சத்தம் இப்போது கேட்டது.

"போட்டோல பாத்தேன்" என்றார் சிராஜ்.

பட்டுச்சேலை, சுர்மா, மடியில் பிள்ளை. அதற்கெல்லாம் பக்கத்தில் ஒரே ஒரு கியர் ராடு. அவர் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

"அன்னிக்கேவா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"நீ அவ்ளோ ஆசையா ஒக்காந்துனு இருந்த. அத கெடுக்க மனசு வரல."

"அப்ப இந்த வண்டி போவாதுன்னு தெரிஞ்சேதான், போய் வந்தா வர்றேன்னு சொன்னீங்களா?"

"ஒருவேள போவும்னு நெனச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "போவாதுன்னுதான் நெனச்சேன்" என்றார்.

"கையெழுத்து?"

"போன சனிக்கெழமையே கேட்டு ஆள் வந்துட்டான் பானு. போட்டுட்டேன். ரெண்டு வருஷம்தான்."

"அப்ப என்ன எதுக்கு இந்த மணலுக்கு அனுப்புனீங்க?"

"நான் அனுப்பலியே. நீதான் போறேன்னு சொன்ன."

அது உண்மைதான். அவள்தான் சொன்னாள். எங்கோ மணி அடித்தது, பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். அது அவருடைய பக்கத்து மணி. "நான் அப்பறம் பேசறேன். மணல வாரு. ரெண்டாவது கியர்ல எடுக்க சொல்லு, மெதுவா. தண்ணி ஏர்றதுக்குள்ள எடுத்துடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பானு இறங்கி, ஆனத்துச் சட்டியைத் துணியால் மூடி சீட்டின் கீழே வைத்துவிட்டு, மூடியை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கம் மண்டியிட்டாள். வாரினாள். வாரிய இடத்தில் பாதி மணல் திரும்பச் சரிந்தது. மறுபடி வாரினாள். ஏரிப் பக்கம் நாரைகள் நின்ற இடத்தில் இப்போது அவற்றின் முழங்கால் வரை தண்ணீர் இருந்தது.

"யாருமா அது, தங்கம் தோண்றது?"

நிமிர்ந்தாள். தலையில் அன்னக்கூடையோடு ஐந்து பெண்கள். கூடைகளின் மேல் ஈரச் சாக்கு. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர்கள் கழுத்து வழியாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவள் மேரி. பானுவின் தெருவுக்கு நண்டு கொண்டுவருகிறவள்.

"அட, பானுவா. இன்னா அழுதுனு கீற? வண்டிதானே. மண்ணுல நின்னா மண்ணாவா போயிடும்?"

"அழுவல. மணல் பட்டுச்சி."

"மணல் எங்களுக்குந்தான் தெனம் படுது" என்றாள் மேரி. கூடையை இறக்காமலே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "உன் தம்பிய குப்பத்துல பாத்தேன். ஆம்பளைங்கள எழுப்பிக்கினு இருக்கான். ராவெல்லாம் கடல்ல இருந்துட்டு வந்து படுத்தவன் எவன் எழுந்து வருவான்? சரி, இங்க இன்னாத்துக்கு வந்தீங்க, காத்து வாங்கவா?"

பானுவுக்குப் பொய் வரவில்லை. "துளசிராமன் கம்பெனிக்கு எறா ஏத்த, வண்டி வருமான்னு பாக்க வந்தோம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஒருத்தி, "ஓகோ, நம்ம தலைல இருக்கறத எறக்கத்தான் வந்துச்சா. நல்லா குந்திக்கினு கெடக்கட்டும், வாடி மேரி" என்றாள்.

"இரு. எங்க பொழப்ப புடுங்க வந்த வண்டிய நாங்களே தள்ளி உடணும், அதான பானு?"

பானு மூடியைக் கீழே வைத்தாள். "தள்ள வேணாம். போங்க. வெயில்ல எறா கெட்டுடும்."

மேரி போகவில்லை. அவள் கூடையை இறக்கி, சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் ஊட்டுக்காரர் வர்றாரா?"

"இல்ல."

"வருவாருன்னு சொன்னியே."

"வரல. ரெண்டு வருஷம் ஆவும்."

மேரி சக்கரத்தைப் பார்த்தாள், சட்டி மூடியைப் பார்த்தாள், பானுவின் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு தன் கூடையின் மேலிருந்த சாக்கை உருவிச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தாள். "சட்டி மூடில வாருனா ரம்ஜான் வந்துடும். தள்ளுடி எல்லாம். கூடைய வண்டி நெழல்ல வைங்க."

ஐந்து பேரும் கையால் மணலை நாய் பறிப்பதுபோல் பறித்தார்கள். அஃப்தாப் தனியாக, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது சாக்குகள் விரித்தாகிவிட்டது.

"ஒருத்தனும் வரலக்கா" என்றவன் டயரைப் பார்த்துத் திடுக்கிட்டான். "எவன் காத்த எறக்குனான்?"

"நான்தான். ஏறு. ரெண்டாவது கியர்ல எடு. அழுத்தி மிதிச்ச, தொலைச்சிடுவேன்."

"உனக்கு எப்டிக்கா—"

"ஏறுடா."

பெண்கள் பின்னால் கை வைத்தார்கள். எஞ்சின் முனகியது. சாக்கு ஒன்று சக்கரத்தின் அடியில் போய்ச் சேறாகி வெளியே வந்தது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது, நின்றது, பின்வாங்கியது. "நிறுத்தாதடா, மெதுவா, மெதுவா" என்றாள் பானு. மறுபடி ஒரு முழம். அப்புறம் அது தன்னாலேயே, அவசரமில்லாமல், பள்ளத்தின் ஓரத்தைத் தாண்டி ஏறி நின்றது.

"இந்தத் தடத்துல ஏண்டா வந்த?" என்றாள் மேரி.

"நீங்க தெனம் நடக்குற வழிதானே."

"எங்களுக்கு இன்னா, ரெண்டு காலு. கால் எறங்கினா தூக்கிப்போம். ஏரித் தண்ணி ஏறி வடியற வாய்க்கா இது. வண்டின்னா கடலோரமா ஈர மணல்ல போவணும். அதுல சைக்கிளே ஓட்றானுங்க."

பானு பின்கதவைத் திறந்தாள். "கூடைய வைங்க. ஏறுங்க, எல்லாரும்."

"ஏழு பேரா?"

"ஏழு பேர் உக்கார்ற வண்டிதான்."

ஏறினார்கள். ஏறி உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்கள். "ஐயோ, பொசுக்குதுமா. இந்த கவரு இன்னாத்துக்கு?" என்றாள் மேரி.

பானு அவள் சீட்டின் உறையை ஓரத்தில் பிடித்து இழுத்தாள். சர்ரென்று கிழிந்து வந்தது. அடுத்ததையும் இழுத்தாள். ஏழு உறையையும் கிழித்துச் சுருட்டிக் காலடியில் போட்டாள். அஃப்தாப் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான், தன் சீட்டுக்கு வந்தபோது எழுந்து கொடுத்தான்.

கடலோர ஈர மணலுக்குப் போவதற்குள் ஒரு பொலபொலத்த மணல்மேடு. அங்கே பாரம் தாங்காமல் சக்கரம் அமுங்க ஆரம்பித்தது. பெண்கள் கூடையோடு இறங்கினார்கள். வண்டி வெறுமையாக மேடேறியது. அவர்கள் பின்னால் கூடையைச் சுமந்து வந்து மறுபடி ஏறினார்கள். இன்னோர் இடத்திலும் அப்படியே.

"இன்னா வண்டிமா இது" என்றாள் பின்னால் ஒருத்தி. "நல்ல எடத்துல அது நம்மள தூக்குது. கெட்ட எடத்துல நாம அத உட்டு எறங்கணும்."

"என் ஊட்டுக்காரர் மாதிரியே" என்றாள் மேரி. வண்டிக்குள் எல்லாரும் சிரித்தார்கள். ஈர மணலில் இறங்கியதும் வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. அலை வந்து தடத்தை அழித்துக்கொண்டே பின்தொடர்ந்தது. பானு தூக்கைத் திறந்து இடியாப்பத்தைப் பின்னால் கொடுத்தாள். ஆளுக்கு ஒன்று எடுத்து, ஆனத்தில் தோய்த்து, நண்டு வாடைக் கையாலேயே தின்றார்கள். ஆனத்தில் கொஞ்சம் மணல் நறநறத்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

தார் தொடங்கும் இடத்தில் இறங்கும்போது மேரி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "துளசிராமனுக்குன்னா இந்தப் பக்கம் வராத. எங்களுக்குன்னா வா. விடியக்காத்தால தண்ணி வத்தி இருக்கும். எங்க எறங்கணும், எங்க ஏறணும்னு நான் சொல்றேன்." கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள்.

பஞ்சர் கடை பாக்கியராஜ், காற்றில்லாத நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டு, யாரோ வேண்டாதவர்கள் பிடுங்கிவிட்டதாக நினைத்து உச்சுக் கொட்டினார். கம்ப்ரசர் தடதடத்தது. வண்டி ஒவ்வொரு மூலையாக எழும்பியது. பானு இறங்கவில்லை. வண்டிக்குள் நண்டும் இறாலும் கலந்த வாடை. பின்சீட்டில் ஈர வட்டங்கள். செதில்கள் ஒட்டிக்கொண்டு மினுங்கின.

போன் அடித்தது.

"வெளிய வந்துச்சா?"

"வந்துச்சி."

"காத்த எறக்குனதுதான். நான் சொல்லல? மணல் வேல எல்லாம் அதுக்கு சரிப்படாது பானு. ஹைட்டு இருக்குது, அவ்ளோதான். அது ரோட்டு வண்டி."

பானு பின்சீட்டின் செதில்களைப் பார்த்தாள். அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு மணலிலேயே வந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவர் என்ன செய்வார், கையெழுத்தை அழிப்பாரா.

"ம்" என்றாள்.

"ஹுமைராவ ஸ்கூல்ல உடறதுக்கு வெச்சிக்கோ. கோவமா?"

"இல்ல."

"சாப்டியா?"

"சாப்டேன்."

"ஆனம் எப்டி இருந்துச்சி?"

"மணலா இருந்துச்சி."

அவர் சிரித்தார். அவள் சிரிப்பதற்காகக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, "காத்து அடிச்சிட்டு ரோட்ல எடுக்க சொல்லு. கொறஞ்ச காத்துல ஓட்டுனா டயர் போயிடும்" என்றார்.

"அடிச்சிக்கினுதான் இருக்காரு."

அவர் போனை வைத்தார். பாக்கியராஜ் ஜன்னல் பக்கம் வந்து, "பின்னாடி ரெண்டும் ஃபுல்லா வெச்சிடட்டுமாமா?" என்று கேட்டார்.

"வேணாண்ணே. கொஞ்சம் கம்மியாவே வைங்க."

"ரோட்ல இழுக்குமே."

"இழுக்கட்டும்" என்றாள் நசீம் பானு. "காலைல மணல்ல போவணும்."